.357 சிக்: புல்லட் கூட்டுக்குள் இறங்குகிறது, கிரிம்ப் இறுக்கினால் இன்னும் மோசம்

டெக்சாஸ்_ராஜாளி:
வணக்கம். மூன்று வருடமாக வீட்டில் 9 எம்எம் ரீலோட் செய்கிறேன் (சுட்ட பித்தளைக் கூட்டில் ப்ரைமர், பவுடர், புல்லட் போட்டு மறுபடி தோட்டாவாக்குவது), தொல்லை வந்ததில்லை. போன மாதம் .357 சிக் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு டை செட் (கூட்டை ஒடுக்கி, புல்லட்டைப் பொருத்தும் அச்சுகள்) வாங்கி, மொத்த நீளம் 1.140 அங்குலம் வைத்து 50 தோட்டா செய்தேன். ஒன்றைத் துப்பாக்கியில் ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து அளந்தால் 1.118! கிரிம்பை, அதாவது கூட்டின் வாயைப் புல்லட் மேல் நெருக்குவதை, அரைச் சுற்று இறுக்கிப் பார்த்தேன். இப்போது கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. இது என்ன கணக்கு?

பழைய_பிரஸ்:
முதலில் அந்த 50-ஐயும் ஒதுக்கி வையுங்கள், சுட வேண்டாம். புல்லட் இறங்கினால் பவுடருக்கு இடம் குறைந்து அழுத்தம் தாறுமாறாக ஏறும். .357 சிக்கின் அழுத்த உச்ச வரம்பே 40,000 பிஎஸ்ஐ, 9 எம்எம்முக்கு 35,000தான்.

கிரிம்ப் புல்லட்டைப் பிடிக்காது, கூட்டின் மேலே குறுகலாக இருக்கும் கழுத்துதான் பிடிக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் புல்லட் ஒடுங்கிப் போகும். பித்தளை மட்டும் கொஞ்சம் திரும்ப விரியும். அதனால்தான் தளர்ந்தது. விரித்த வாயை நேராக்கும் அளவு கிரிம்ப் போதும். என்ன புல்லட்? கூடு, வாய் அகன்ற .40 தோட்டாவின் கூட்டை ஒடுக்கிச் செய்ததா?

டெக்சாஸ்_ராஜாளி:
கூடு .357 சிக் முத்திரை உள்ளதுதான் அண்ணா. புல்லட் 9 எம்எம்முக்கு வாங்கி மிச்சமிருந்த 124 கிரெய்ன் உருண்டை மூக்கு. இரண்டுக்கும் 0.355தானே?

பழைய_பிரஸ்:
அங்கேதான் இடிக்கிறது தம்பி. விட்டம் ஒன்று, வடிவம் வேறு. 9 எம்எம் கூடு 0.754 அங்குலம். நீளம் 1.150 வைத்தால் மூக்கு 0.396 வெளியே நிற்கும். இந்தக் கூடு 0.865. 1.140-இல் 0.275தான் வெளியே. மூக்கின் வளைவு கழுத்துக்குள் போய்விடுகிறது. கழுத்தே 0.150 சொச்சம்தான், அதிலும் பாதி வளைவைப் பிடித்தால் எப்படி நிற்கும்? மூக்கு குட்டையான, தட்டை முனை புல்லட் வாங்குங்கள். புல்லட் மாறினால் பவுடர் அளவையும் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

டெக்சாஸ்_ராஜாளி:
தட்டை முனை வந்தது. பவுடர், ப்ரைமர் போடாமல் மாதிரித் தோட்டா செய்து பார்த்தேன். 1.140 இப்போது 1.132 ஆகிறது. முன்னேற்றம்தான், ஆனால் நிம்மதி இல்லை.

கடைசல்_மணி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எக்ஸ்பாண்டரை (புல்லட் நுழையக் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் தண்டு) காலிப்பரில் அளந்தீர்களா? புல்லட்டைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு சிறியதாக இருக்க வேண்டும். என்னுடையது பெரிதாக வந்திருந்தது. டிரில்லில் மாட்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்தேன். நின்று நின்று அளந்துகொண்டே தேயுங்கள், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொன்று: முதலில் .40 கார்பைடு டையில் அடிப்பகுதியை ஒடுக்கி, அப்புறம் .357 டையில் கழுத்தையும் அதற்குக் கீழே சரியும் தோளையும் ஒடுக்கினால் கை வலி மிச்சம். கார்பைடு டைக்கு எண்ணெய் வேண்டாம் என்பார்கள், அதை நம்பி விட்டுவிடாதீர்கள், தோள் இருக்கும் கூடு மாட்டிக்கொள்ளும். முடிந்ததும் துடைத்துவிடுங்கள்.

டெக்சாஸ்_ராஜாளி:
மணி அண்ணா, எக்ஸ்பாண்டர் 0.3545 இருந்தது! 0.352 வரை தேய்த்தேன். இப்போது மூன்று முறை ஏற்றி எடுத்தும் 1.139. சரி, அந்தப் பழைய 50?

பழைய_பிரஸ்:
சுத்தியல் புல்லரில் (தோட்டாவை மாட்டித் தட்டினால் புல்லட் கழன்று வரும் கருவி) ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரிக்க வேண்டியதுதான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் தொடங்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.