வளர்ச்சி குன்றலைக் குறைக்கத் துறைகள் கூடிப் பேசினால் போதுமா?

கேள்வி:
எங்கள் உள்ளாட்சிப் பகுதியில் சுகாதாரம், ஊட்டச்சத்து, குடிநீர், வேளாண்மைத் துறையினர் மாதந்தோறும் கூடுகிறோம். ஒவ்வொருவரும் தத்தம் அறிக்கையை வாசிக்க, கூட்டம் முடிந்துவிடுகிறது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் எண்ணிக்கையோ அசைவதாக இல்லை. கூட்டத்தின் போக்கை எப்படி மாற்றலாம்?

பதில் 1:
அறிக்கைகளுக்குப் பதிலாக வீடுகளின் பட்டியலை மேசையில் வையுங்கள். கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான சுமார் 1,000 நாள்களில் தவறவிட்ட உயரத்தைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம் என்பதால், கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் உள்ள வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைத்ததா, ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கியதா, தடுப்பூசி விடுபட்டதா, குடிநீர் பாதுகாப்பானதா என்று ஒவ்வொரு வீட்டின் பெயருக்கும் நேரே எல்லாத் துறைகளும் நிரப்பட்டும். ஒரு தெருவுக்குக் கழிப்பறையும் வேறொரு தெருவுக்கு ஊட்டச்சத்து ஆலோசனையும் போய்ச் சேர்ந்தால், எல்லாத் துறைகளும் இலக்கை எட்டியிருக்கும். குழந்தை மட்டும் வளர்ந்திருக்காது. (பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள், அது குடும்பங்களின் அந்தரங்கம்.)

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாப் பணிகளும் உயரத்தைச் சமமாகக் கூட்டும் என்று எண்ண வேண்டாம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்து 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகளில், வீட்டளவில் தரப்பட்ட எளிய கழிப்பறை, கைகழுவும் வசதி, நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. ஊட்டச்சத்து அளிக்கப்பட்ட பிரிவுகளில்தான் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. இதைக் காட்டிக் குடிநீர்த் துறை ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அரைகுறையான கழிப்பறை, குடிநீர் வசதிகள் போதாது என்பதே என் வாசிப்பு.

பதில் 3:
எண்ணிக்கை அசையவில்லை என்கிறீர்களே, அளவீடு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத்தில் நகரும் பலகையைப் பொருத்த வேண்டும். நிற்கவைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். வளர்ச்சி குன்றலைத் தீர்மானிக்கும் உயர எல்லைக்கோட்டின் அருகில் உள்ள குழந்தைக்கு அந்த வித்தியாசமே வகையை மாற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்கள் பணியாளர் தனியாளாகத்தான் அளக்கிறார். அடுத்த மாதம் முதல் தடுப்பூசி நாளிலேயே சுகாதாரப் பணியாளரையும் உடன் நிறுத்தி அளக்கச் சொல்கிறேன்.