மறு: டிஎன்எஸ் ‘ஸோன்’ – மண்டலம் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

இணையப் பெயர்களுக்கு உரிய முகவரி எண்களைச் சொல்லும் அமைப்பு டிஎன்எஸ். அதில் ஒருவர் பொறுப்பில் நிர்வகிக்கப்படும் பெயர்ப் பகுதிக்கு ‘ஸோன்’ என்று பெயர். அதற்கு இப்போதுள்ள ‘மண்டலம்’ போதுமா, வேறு தமிழ்ச் சொல் வேண்டுமா என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> ‘மண்டலம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதை ஏன் கலைக்க வேண்டும்?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. அமேசானின் ரூட் 53 பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் இணையப் பெயர்களை நிர்வகிக்க 2010 டிசம்பரில் வந்த சேவை அது (டிஎன்எஸ்ஸின் போர்ட் எண் 53, பெயரில் ஒட்டிக்கொண்டது). அமேசானுக்கு மும்பை ஒரு ‘ரீஜன்’, அதாவது அதன் தரவு மையங்கள் இருக்கும் ஒரு பகுதி. அதற்குள் மூன்று ‘அவைலபிலிட்டி ஸோன்’, ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாதபடி பிரித்துவைத்த தரவு மையத் தொகுதிகள். ரூட் 53இல் நாம் உருவாக்குவதோ ‘ஹோஸ்டட் ஸோன்’, ஒரு பெயருக்கான டிஎன்எஸ் பதிவுகளின் தொகுப்பு. எல்லாவற்றையும் மண்டலம் என்று எழுதினால், “மும்பை மண்டலத்தின் மூன்று மண்டலங்களில் உங்கள் மண்டலம் எதில் இருக்கிறது?” என்று கேட்க வேண்டிவரும். சரியான பதில், எதிலும் இல்லை. ஹோஸ்டட் ஸோன் எந்த ரீஜனுக்கும் உரியதல்ல. இடத்தைச் சுட்டும் சொல்லை இடமே இல்லாத ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறோம்.

> அப்படியானால் ‘ஆள்களம்’ என்றே சொல்லிவிடலாமே?

கூடாது. அது, ஒரு பெயரும் அதன்கீழ் வரும் துணைப்பெயர்களும் சேர்ந்த டொமைனுக்கு உரியது. ஒரு வங்கி தன் முதன்மைப் பெயரைத் தானே வைத்துக்கொண்டு, கடன் அட்டைப் பிரிவின் துணைப்பெயரை மட்டும் அமேசானிடம் ஒப்படைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமேசான் நான்கு பெயர்வழங்கிகளைக் (பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் கணினிகள்) கொடுக்கும், வழக்கமாக அவற்றின் பெயர்கள் .காம், .நெட், .ஆர்க், .கோ.யுகே என்று வெவ்வேறு ஈறுகளில் முடியும். ஒன்றில் கோளாறு வந்தாலும் மற்றவை பதில் சொல்ல வேண்டுமே. அந்த நான்கு பெயர்களையும் வங்கி தன் பக்கத்தில் என்எஸ் பதிவுகளாக (இந்தப் பெயருக்கு இவர்களைக் கேளுங்கள் என்று காட்டுபவை) எழுதும் இடத்தில்தான் வெட்டு விழுகிறது. ஆள்களம் ஒன்றுதான், ஸோன் இரண்டாகிவிட்டது. ஆக, நமக்கு வேண்டியது ‘பிரித்து நிர்வகிக்கும் கூறு’ என்ற பொருள்.

இந்த இழையில் முன்பு வந்த ‘ஆள்கூறு’ என்ற பரிந்துரை அந்த வகையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இலங்கை நண்பர் சொன்னது சரி: அங்கே பள்ளிக் கணிதத்தில் ஆள்கூறு என்றால் வரைபடத்தில் புள்ளியைக் குறிக்கும் எண்கள். அங்கே ஊன்றிவிட்ட சொல்லில் கைவைக்க வேண்டாம். ‘பெயர்ப்பற்று’ எனக்குப் பிடித்திருந்தது. இலங்கையின் மண்முனைப் பற்று போல நிர்வாகப் பிரிவு என்று கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டில் படிப்பவருக்குப் புகழாசை என்றுதான் தோன்றும்!

என் பரிந்துரை: களக்கூறு. ஆள்களத்தின் கூறு.

வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். 2025 அக்டோபரில் அமேசானின் வட வர்ஜீனியா ரீஜனில் நடந்த பெரிய முடக்கம் நினைவிருக்கும். அமேசானின் தரவுத்தளச் சேவையான டைனமோடிபியின் முகவரிகளை ரூட் 53இல் எழுதிவைக்கும் தானியங்கி நிரல் மூன்று அவைலபிலிட்டி ஸோன்களில் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று தாமதமாக வந்து, புதிய முகவரித் திட்டத்தின்மேல் பழையதை எழுதிவிட்டது. இன்னொன்று அந்தப் பழையதைக் குப்பை என்று கருதி அழித்தது. முகவரிப் பதிவு வெறுமையானது. இதையே, “மூன்று மண்டலங்களில் ஓடிய நிரல்கள் மோதியதில், களக்கூற்றில் ஒரு பதிவு வெறுமையாகி, வட்டாரத்தின் பல சேவைகள் முடங்கின” என்று எழுதலாம். மூன்றுக்கும் மண்டலம் போட்டு எழுதிப் பாருங்கள், தலை சுற்றும். (ரீஜனுக்கு ‘வட்டாரம்’ என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது.)

அப்புறம், ‘பிரைவேட் ஹோஸ்டட் ஸோன்’. இதைத் ‘தனியார்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அரசு நிறுவனமும் அதைப் பயன்படுத்தும். அதே பெயருக்கு அலுவலக வலைக்குள் ஒரு பதில், வெளியே வேறு பதில் என்பதுதான் அங்கே சங்கதி. அகக் களக்கூறு, புறக் களக்கூறு. அகமும் புறமும் நம்மிடம் இருக்க வேறு எங்கே தேடுவது?

‘ஹோஸ்டட்’டுக்கு மட்டும் இன்னும் சொல் பிடிபடவில்லை. ‘ஒப்படைத்த’ என்று போட்டால், மேலே வங்கி துணைப்பெயரை ஒப்படைத்ததைப் போன்ற டெலிகேஷனோடு மோதும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். களக்கூறுக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.