வானத்துத் தகவலைச் சொன்னது யார்? புளொக்செயினோடு எங்கள் அனுபவங்கள்

கல்லடி வாணி

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, வான் போக்குவரத்துத் தகவலைப் புளொக்செயினில், அதாவது பலரிடமும் ஒரே பிரதியாக இருக்கும் டிஜிட்டல் கணக்கேட்டில், பகிர்வது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் வந்த கேள்வி "பிட்கொயினா?" என்பதுதான். இல்லை. கண்டவரெல்லாம் நுழையக்கூடிய சங்கிலி விமானத்துறைக்குச் சரிவராது. அனுமதி பெற்ற அலுவலகங்கள் மட்டும், அவரவர் டிஜிட்டல் சான்றிதழோடு சேரும் வகை வேறு. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருள் அந்த வகை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரொனால்ட் ரைஸ்மன் 2019இல் வெளியிட்ட கட்டுரையும் அதைத்தான் எடுத்துக்கொண்டது.

எங்கள் தலைக்கு மேலே இருப்பது கொழும்பு பறப்புத் தகவல் வலயம், அதாவது கொழும்பு பொறுப்பாகப் பார்க்கும் வான்பரப்பு. பக்கத்தில் சென்னை, மாலே, மெல்பன் வலயங்கள். ஒரு விமானம் எல்லை தாண்டுவதற்கு முன்பே அதன் உயரமும் கடக்கும் நேரமும் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த அலுவலகங்களில் ஒன்றுக்கு மற்றொன்று மேலதிகாரி இல்லை. அப்படியானால் பொதுச் சேர்வரை யார் வைத்திருப்பது? வைத்திருப்பவர் திருத்தினால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டுப் பிடிக்கிற வீடுகளில் எல்லாரிடமும் அதே கணக்குக் கொப்பி இருந்தால், ஒருத்தி தன் கொப்பியை மட்டும் திருத்தி ஒன்றும் ஆகாது. புளொக்செயின் செய்வதும் அதுதான்.

ஆய்வுகூடத்தில் நான்கு மடிக்கணினிகளை அந்த நான்கு வலயங்களாக வைத்தோம். எந்த மாற்றத்துக்கும் குறைந்தது இரண்டு அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. பிறகு தோழி ஒருத்தி 'சென்னை' கணினியின் தரவுத்தளத்துக்குள் நேரே போய், ஒரு விமானத்தின் உயரத்தை 35,000 அடியிலிருந்து 37,000 ஆக மாற்றினாள். அந்தத் திரையில் 37,000 என்றே தெரிந்தது. ஆனால் அதே விமானத்துக்கு அடுத்த மாற்றத்தை அனுப்பியதும், 'சென்னை'யின் பதிலும் 'கொழும்பு'வின் பதிலும் ஒத்துப்போகாமல் அந்தப் பதிவு தள்ளுபடியானது. பக்கத்தில் நின்ற விரிவுரையாளர், "திரும்பச் செய்து காட்டு மனே" என்றார். செய்தோம், அதே முடிவுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபேப்ரிக்கின் இயல்பான அமைப்பில், பதிவுகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக மூட இரண்டு விநாடி வரை எடுக்கும். உயரே பறக்கும் ஜெட் அதற்குள் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் போய்விடும். ஆகவே ராடார்த் திரையில் நகரும் புள்ளிகளை இதில் ஏற்றும் பேச்சே வேண்டாம். பறப்புத் திட்டம் (விமானம் எந்த வழியால், எப்போது போகும் என்ற விபரம்), விமானிகளுக்கான அறிவித்தல், எந்த வான்பரப்பு எப்போது மூடப்படும் என்பது போன்றவைதான் இதற்கு ஏற்றவை.

அக்கரைப்பற்று அன்டனா

தங்கச்சி விட்ட அந்தப் புள்ளிகளைப் பற்றி நான் சொல்கிறேன். விமானங்கள் தங்கள் இடத்தைத் தாமே ஒலிபரப்பும் முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். அதைப் பிடிக்கும் அலைவாங்கி ஒன்றை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பூட்டியிருக்கிறேன். யூஎஸ்பி டொங்கிள், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, பிவிசி குழாய்க்குள் அன்டனா. கடல் பக்கம் மறைப்பே இல்லை. வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகும் விமானங்கள் 300 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே திரையில் வரும். விமானம் தன் இடத்தை 1090 மெகாஹேர்ட்ஸில் விநாடிக்கு இரண்டு முறை தானே சொல்லிக்கொண்டு போகிறது. ஒரு செய்தி 112 பிட். அதற்குள் அடையாள இலக்கம், உயரம், இடம் எல்லாம் இருக்கும். அனுப்பியது யார் என்று உறுதிப்படுத்தும் டிஜிட்டல் கையொப்பம் மட்டும் இல்லை.

ஒருநாள் இரவு, திருக்கோவிலுக்கு நேரே கடலில் போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று சட்டென்று உகந்தை பக்கம் காட்டுக்கு மேலே தோன்றியது. மறுகா பழைய பாதைக்கே வந்துவிட்டது. யாரோ செய்த ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. என் பெட்டி பிழையாக வாசித்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் "இதைச் சொன்னது அந்த விமானம்தானா?" என்று கேட்க அந்தப் பெட்டிக்கு ஒரு வழியும் இல்லை. உண்மையான கட்டுப்பாட்டு நிலையங்களிடம் ராடார் உண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ராடார் எட்டாத நடுக்கடலில்தான் இந்தக் கேள்வி பெரிதாகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என்னைப் போல ஒரு பொழுதுபோக்குக்காரனே இவ்வளவையும் பார்க்க முடிகிறது என்றால், சொந்த விமானத்தில் வியாபாரத்துக்குப் போகிறவர், இராணுவ விமானம் எல்லாமே திறந்த கொப்பிதான். ரைஸ்மனின் கட்டுரை தொடங்கும் இடமும் இந்த அந்தரங்கப் பிரச்சினைதான். வேண்டியவர்களுக்கு மட்டும் தனி வழியில் பறப்புத் திட்டத்தைக் காட்டலாம் என்பது அவர் யோசனை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

களுவாஞ்சிக்குடி, இப்போது தோஹா

நான் ஒரு விமான நிறுவனத்தில் பறப்புத் திட்டம் அனுப்பும் பகுதியில் வேலை. 2023 ஓகஸ்ட் 28 மறக்காது. லண்டன் போகும் விமானங்களின் நேரங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின, தொலைபேசி வைக்க விடவில்லை. பிரித்தானியாவின் பறப்புத் திட்டக் கணினி மணிக்கணக்காக நின்றுபோய், கையால்தான் வேலை நடந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

காரணத்தைப் பிறகு அறிக்கையில் வாசித்தேன். லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் திட்டத்தில் ஒரே பெயருள்ள இரண்டு வழிப்புள்ளிகள், அதாவது பாதையைக் குறிக்கும் இடங்கள், இருந்தன. ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றது பிரான்ஸின் டோவில். இரண்டுக்கும் குறியீடு டிவிஎல். கணினி குழம்பிப் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினிக்கும் அதே திட்டம் போனது. அதிலும் அதே மென்பொருள்தானே, அதுவும் நின்றது.

தங்கச்சி, இதை உங்கள் ஆய்வோடு வைத்துப் பாருங்கள். அந்தத் திட்டம் போலி இல்லை, யாரும் திருத்தவும் இல்லை. புளொக்செயின் இருந்தாலும் அதற்குப் பச்சை விளக்குத்தான் காட்டியிருக்கும். எல்லா அலுவலகத்திலும் ஒரே நிரல் ஓடினால், ஒரே பிழை எல்லா இடத்தையும் ஒன்றாக நிறுத்தும்.

கல்லடி வாணி

அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். யார் சொன்னார், பிறகு யாராவது மாற்றினாரா என்ற இரண்டுக்கும்தான் புளொக்செயின் பதில் சொல்லும். சொன்னது சரியா என்று அது பார்க்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும், அதுவும் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வேறு ஆட்கள் எழுதிய நிரலாக இருந்தால் நல்லது.

ஆனால் அதே ஆண்டு ஜனவரி 11ஐயும் சேர்த்துப் பாருங்கள். விமானிகளுக்கான அறிவித்தல் முறை முடங்கி, அமெரிக்கா முழுவதும் விமானப் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டன. முதன்மைத் தரவுத்தளத்தையும் மாற்றையும் ஒத்திசைக்கும் வேலையில் ஒப்பந்தப் பணியாளர்கள் தவறுதலாகக் கோப்புகளை அழித்திருந்தார்கள். பழைய பதிவை அழிக்கவே விடாத, பல இடங்களில் பிரதி இருக்கும் ஏடு அங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போதைய பறப்புத் திட்டப் படிவத்தை 2034இல் கைவிட்டு, ஸ்விம் என்ற பொதுத் தகவல் முறைக்கு உலகமே மாறும் ஏற்பாடு நடக்கிறது. பின்னால் ஒட்டுப்போடுவதைவிட, அதைக் கட்டும்போதே கையொப்பத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்), நடுக்கடல் விமானங்களை எத்தனை கிலோமீற்றர் வரை உங்கள் பெட்டி பிடிக்கிறது, எங்கே விட்டுவிடுகிறது என்ற பதிவுகளைத் தர முடியுமா? அந்த இடைவெளியைத்தான் அடுத்த ஆய்வில் எடுக்க நினைக்கிறேன்.