பில் ஸ்னைடர் கான்சாஸ் ஸ்டேட்டில் விட்டுப்போனது என்ன: நிலைக்கும் முறையா, வெறும் வெற்றிக் கணக்கா?

கோதுமைவயல்:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். தோற்றே பழகிப்போன ஒரு அணியை ஒரு கோச் தூக்கி நிறுத்துகிறார். அவர் போன பிறகும் அது நிற்குமா? நிற்கும் என்பது என் கட்சி. என் சாட்சி கான்சாஸ் ஸ்டேட்.

1988 முடிவில் அங்கே இருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். முந்தைய கோச் ஸ்டான் பாரிஷ் மூன்று சீசனில் எடுத்தது 2 வெற்றி, 30 தோல்வி, 1 டிரா. 1987, 1988 இரண்டு வருடமும் ஒரு வெற்றிகூடக் கிடையாது. உயர்மட்டக் கல்லூரி அணிகளில் 500 தோல்வியை முதலில் எட்டியது இந்த அணிதான். அந்த நேரத்தில் அயோவாவில் ஹேடன் ஃப்ரையிடம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஸ்னைடர் 49 வயதில் அங்கே போனார். 1989ல் 1-10 (வெற்றி-தோல்வி; மூன்றாவது எண் வந்தால் அது டிரா). 1990ல் 5-6. 1991ல் 7-4. அடுத்த வருடம் சறுக்கி மறுபடி 5-6. 1993ல் 9-2-1, கூடவே காப்பர் பவுலில் வயோமிங்கை 52-17 என்று வென்றார்கள். பவுல் என்பது நன்றாக ஆடிய அணிகளை அழைத்து சீசன் முடிவில் நடத்தும் ஆட்டம். அதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே முதல் வெற்றி. 2003ல் ஓக்லஹோமாவை 35-7 என்று கவிழ்த்து, 1934க்குப் பிறகு முதல் கான்ஃபரன்ஸ் பட்டம், அதாவது தங்களுக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பில் முதலிடம். இரண்டு தவணையாக 27 சீசன், மொத்தம் 215-117-1. இதைத் தனி மனிதரின் அதிர்ஷ்டம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

நான்காம்டவுன்:
அதிர்ஷ்டம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா நீங்க கேட்ட கேள்வி "அவர் போன பிறகு". நீங்க காட்டுறதெல்லாம் அவர் இருந்தப்போ நடந்தது.

போன பிறகு என்ன ஆச்சுன்னு பாருங்க. 2005ல் ஓய்வு பெற்றார். ரான் பிரின்ஸ் வந்தார், மூணு சீசன், 17-20. உடனே 69 வயசுல ஸ்னைடரையே திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. நிலைக்கிற முறைன்னா மூணே வருஷத்துல பழைய ஆளைத் தேடி ஓடுவாங்களா? சரிவு பிரின்ஸோட ஆரம்பிக்கவும் இல்ல. பட்டம் வாங்கின மறு வருஷமே ஸ்னைடர் கையிலேயே 4-7, அதுக்கடுத்து 5-6.

இன்னொண்ணு. ஒரு அணி எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம்ங்கிற உச்சவரம்பு 95ல இருந்து 1992ல் 92, 1993ல் 88, 1994ல் 85னு இறங்கிச்சு. பெரிய அணிகள் முன்ன மாதிரி நல்ல பசங்களைப் பெஞ்சுல அடைச்சு வைக்க முடியாம போச்சு. கான்சாஸ் ஸ்டேட் எழுந்ததும் சரியா 1993ல. காற்று யார் பக்கம் வீசுச்சுன்னு பார்க்காம கோச்சுக்கு மட்டும் மாலை போடுறது சரியில்ல.

பிளேபுக்:
இருவருமே விளைவைப் பேசுகிறீர்கள். அவர் செய்த வேலையைப் பிரித்துப் பார்த்தால்தான் எது நிலைக்கும், எது கரையும் என்று தெரியும்.

முதல் வேலை ஆட்ட அட்டவணை. கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை மாற்ற முடியாது. மீதி மூன்று நான்கு ஆட்டங்களுக்கு எதிராளியைப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கலாம். ஸ்னைடர் அங்கே எளிய அணிகளைச் சொந்த மைதானத்துக்கு வரவழைத்தார். 1998ல் அப்படி வந்தவை இண்டியானா ஸ்டேட், நார்தர்ன் இல்லினாய், லூசியானா-மன்ரோ. இதில் லாபம் நேரடியானது. பவுலுக்குப் போக 6 வெற்றி வேண்டும், அதில் பாதி செப்டம்பரிலேயே கைக்கு வந்துவிடும். பவுலுக்குப் போனால் டிசம்பரில் கூடுதல் பயிற்சி நாட்கள் கிடைக்கும், அடுத்த வருடத்து இளைஞர்கள் அதில்தான் தேறுவார்கள்.

இரண்டாவது ஜூக்கோ, அதாவது இரண்டு வருடக் கல்லூரிகள். கான்சாஸ் மாநிலத்துக்குள்ளேயே பட்லர், கோஃபிவில், ஹட்சின்சன், கார்டன் சிட்டி என்று ஃபுட்பால் ஆடும் ஜூக்கோக்கள் வரிசையாக இருக்கின்றன. மதிப்பெண் போதாமலோ யார் கண்ணிலும் படாமலோ அங்கே போன பையன், 20 வயதில் உடம்பு முற்றி, வந்த அன்றே ஆடத் தயாராக வருவான். 1998 அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கித் தாக்குதலை நடத்துபவர்) மைக்கேல் பிஷப்கூட டெக்சாஸின் பிளின் ஜூக்கோவிலிருந்து வந்தவர்தான்.

இதில் கெடுவது எங்கே என்றால், இப்படி வருபவர்களுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இரண்டு சீசன். ஒரு வருடம் தேர்வு தவறினால் அந்தப் பொத்தல் அடுத்த இரண்டு வருடமும் தெரியும். நிரப்ப உள்ளே மூன்றாம் வருட, நான்காம் வருட ஆள் இருக்க மாட்டான். 2004, 2005 சரிவை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். 2003ன் சீனியர்கள் (கடைசி வருட வீரர்கள்) மொத்தமாக வெளியேறினார்கள், குவார்ட்டர்பேக் எல் ராபர்சன் உட்பட.

கோதுமைவயல்:
ஸ்காலர்ஷிப் வரம்பு குறைந்தது கான்சாஸ் ஸ்டேட்டுக்கு மட்டுமா? அதே கான்ஃபரன்ஸில் அதே வருடங்களில் மிசௌரியும் இருந்தது, அயோவா ஸ்டேட்டும் இருந்தது. மிசௌரிக்கு 1984 முதல் 1996 வரை வெற்றி மிகுந்த சீசன் ஒன்றுகூட இல்லை. அயோவா ஸ்டேட் தொண்ணூறுகள் முழுவதும் அப்படியே கிடந்தது. காற்று எல்லார் மீதும்தான் வீசியது, பாயை விரித்தவர் ஒருவர்.

எளிய அட்டவணை என்ற குறையையும் பார்ப்போம். 1998ல் அதே அணி நெப்ராஸ்காவை 40-30 என்று வென்றது. 1968க்குப் பிறகு நெப்ராஸ்காவுக்கு எதிரான முதல் வெற்றி அது. அது எளிய அணியா?

நான்காம்டவுன்:
அந்த 1998ஐயே எடுத்துக்குவோம் சார். டிசம்பர் 5, செயின்ட் லூயிஸ், அவங்க கான்ஃபரன்ஸான பிக் 12 இறுதி. டெக்சாஸ் ஏ அண்டு எம் எதிரே. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 27-12 முன்னிலை. தேசியப் பட்ட ஆட்டம் கையெட்டும் தூரம். அதை விட்டு, ரெண்டு ஓவர்டைம் போய் 36-33ல தோத்தாங்க. பெரிய பவுல்களுக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த அப்போதைய ஏற்பாடான பிசிஎஸ் தரவரிசையில மூணாவது இடம், ஆனா பெரிய பவுல் எதுவும் கூப்பிடல. அலமோ பவுலுக்கு அனுப்பினாங்க, அங்க பர்டூகிட்ட 37-34. பவுல் கமிட்டிகள் தயங்கினதுல அந்த எளிய அட்டவணைக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். செப்டம்பர்ல சேத்த வெற்றிக்கு டிசம்பர்ல விலை கொடுத்தாங்க.

கோதுமைவயல்:
தயங்கியதற்குப் பெயர் பெற்ற அணிகளுக்கு ரசிகர் கூட்டம் அதிகம் வரும் என்ற கணக்கும் காரணம். அந்த அநியாயம் எல்லார் கண்ணிலும் பட்டதால்தான், மூன்றாம் இடத்து அணிக்குப் பெரிய பவுல் உறுதி என்று விதியையே பிறகு மாற்றினார்கள். பிசிஎஸ் இருந்த வரை அதற்குக் கான்சாஸ் ஸ்டேட் விதி என்றுதான் பெயர். பத்து வருடம் முன்னால் கான்ஃபரன்ஸை விட்டே போய்விடலாமா என்று பேசப்பட்ட அணி அது!

பிளேபுக்:
விதி இருக்கட்டும். அவர் விட்டுப்போனதில் எனக்கு முக்கியமாகப் படுவது குவார்ட்டர்பேக்கை ஓடவிட்ட கணக்கு.

சாதாரண ஓட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறார். கொடுத்தவர் தடுப்பதில்லை, ஓடுபவரும் தடுப்பதில்லை. ஆக 9 பேர் 11 பேரைத் தடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக் தானே ஓடினால், முன்பு ஓடியவர் இப்போது தடுப்பாளர். 10 பேருக்கு 11 பேர். எதிரணி பின்வரிசையில் ஒரு சேஃப்டியை (கடைசிக் காவலரை) ஆழத்தில் நிறுத்தினால் கணக்கு நேராகிவிடும்.

குவார்ட்டர்பேக் பவர் என்ற பிளேயில் இது தெளிவாகத் தெரியும். ஓடும் பக்கத்தில் லைன் வீரர்கள் உள்நோக்கி அழுத்துவார்கள். வழக்கமாகப் பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் முன்னே பாய்ந்து எதிரணி லைனின் ஓரத்து ஆளான எண்டை வெளியே தள்ளுவார். மறுபக்கத்து கார்டு (லைனில் நிற்கும் ஒரு தடுப்பாளர்) பின்வாங்கி, லைனைச் சுற்றிவந்து, திறந்த சந்துக்குள் முதலில் நுழைந்து, எதிரணி லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிப்பார். குவார்ட்டர்பேக் அவர் முதுகை ஒட்டியே போக வேண்டும். கார்டு அரை அடி தாமதித்தாலும் லைன்பேக்கர் சந்தை அடைத்துவிடுவார், பிளே அங்கேயே செத்துவிடும். இதற்குப் பெரிய நட்சத்திரங்கள் தேவையில்லை. ஆயிரம் தடவை ஒரே காலடியை வைக்கச் சலிக்காத ஆட்கள் தேவை. குவார்ட்டர்பேக் கோலின் க்ளைன் 2011ல் இப்படி ஓடி மட்டும் 27 டச்டவுன் எடுத்தார்.

எதிரணி சேஃப்டியை முன்னே கொண்டுவந்தால் தலைக்கு மேல் வீச வேண்டும். வீச்சு தடுமாறும் நாளில் இந்த முறைக்கு மாற்றுவழி குறைவு. 2012ல் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தபோது பேய்லரிடம் 52-24 என்று விழுந்தார்கள். க்ளைன் அன்று மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது அவர் வீசியதை மூன்று முறை எதிரணி பிடித்தது. அந்த வருடம் கான்ஃபரன்ஸ் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அயோவாநதி:
ஸ்னைடரோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அவர் இந்த வேலையைக் கற்றது ஹேடன் ஃப்ரையிடம், முதலில் நார்த் டெக்சாஸில், பிறகு அயோவாவில். 1979ல் ஃப்ரை வந்தபோது அயோவா 1961க்குப் பிறகு வெற்றி மிகுந்த சீசனே பார்த்ததில்லை. 1981ல் ரோஸ் பவுலுக்குப் போனார்கள். 1983ல் அவர் உதவியாளர் அறையில் இருந்தவர்கள்: ஸ்னைடர், பேரி அல்வாரெஸ், கர்க் ஃபெரென்ட்ஸ், டான் மெக்கார்னி, இளைஞராக பாப் ஸ்டூப்ஸ். அல்வாரெஸ் விஸ்கான்சினில் 1990ல் 1-10 என்று தொடங்கி 1993 சீசனில் ரோஸ் பவுலை வென்றார். கோதுமைவயல் சொன்ன அந்த அயோவா ஸ்டேட்டை 2000ல் 9-3க்குக் கொண்டுபோனவர் மெக்கார்னி.

எது நிலைத்தது என்று பாருங்கள். அயோவாவில் 1979 முதல் ஃப்ரை, 1999 முதல் ஃபெரென்ட்ஸ். ஃபெரென்ட்ஸின் முதல் இரண்டு வருடம் 1-10, 3-9. யாரும் அவரை விரட்டவில்லை. 2002ல் 11-2. விஸ்கான்சினில் அல்வாரெஸ் கோச் வேலையை விட்டாலும் விளையாட்டு இயக்குநராக 2021 வரை இருந்தார், அடுத்தவரைத் தன் உதவியாளர்களிலிருந்தே எடுத்தார். கான்சாஸ் ஸ்டேட் 2006ல் இந்த வழியில் போகவில்லை. பிரின்ஸ் ஸ்னைடரிடம் வேலை பார்த்தவரே அல்ல. அந்த மூன்று வருடத்தை ஸ்னைடர் முறையின் தோல்வி என்று நான்காம்டவுன் கணக்கில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அங்கே முறையைக் கைமாற்றவே இல்லை.

நான்காம்டவுன்:
சீடர்களைப் பத்திப் பேசினா நானும் பேசுறேன். ஸ்னைடர்கிட்ட இருந்த மார்க் மான்ஜினோ பக்கத்துல இருக்கிற கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அது வேற அணி. 2007ல் 12-1, ஆரஞ்ச் பவுல் வெற்றி. அருமை. 2009 முடிவுல, வீரர்களை நடத்தின விதம் பத்தின விசாரணைக்கு நடுவுல வெளியே போனார். 2015ல் அதே கான்சாஸ் 0-12. எங்க நிலைச்சது? ஸ்டூப்ஸ் 2000ல் தேசியப் பட்டம் வாங்கினது ஓக்லஹோமாவுல. அங்க பணமும் பெருமையும் ஏற்கெனவே இருந்துச்சு, வழி தவறின அணி, அவ்வளவுதான். நலிஞ்ச அணின்னு அதைச் சொல்ல முடியாது.

உண்மையான உதாரணம் வேணும்னா பிரெட் பீலிமாவைச் சொல்லுங்க, ஒத்துக்குறேன். ஃப்ரைகிட்ட ஆடினார், ஸ்னைடர்கிட்டயும் அல்வாரெஸ்கிட்டயும் வேலை பார்த்தார், இல்லினாயை 2024ல் 10-3க்குக் கொண்டுவந்தார். அதுகூட அவர் இருக்கிற வரைக்கும்தான் கணக்கு.

பிளேபுக்:
இன்றைய விதிகளையும் சேர்க்க வேண்டும். 2021 முதல் வீரர் ஒரு வருடம் வெளியே உட்காராமலே அணி மாறலாம், விளம்பரப் பணமும் வாங்கலாம். முற்றிய உடம்போடு வரும் ஆளைத் தேடும் ஜூக்கோ உத்தி இனி யாருக்கும் தனிச் சொத்து அல்ல, எல்லாரும் அதே சந்தையில் நிற்கிறார்கள். உதவித்தொகை இல்லாமல் சேரும் வாக்-ஆன் பையனை நான்கு வருடம் வளர்ப்பதும் கடினம். கான்சாஸ் ஸ்டேட்டில் ஜோர்டி நெல்சன் அப்படிச் சேர்ந்து வளர்ந்தவர். இன்று அப்படி ஒருவர் தேறினால் மூன்றாம் வருடமே பெரிய அணி கொத்திக்கொண்டு போகும்.

கோதுமைவயல்:
அப்படியானால் 2022ஐ எப்படி விளக்குவீர்கள்? அந்த விதிகள் வந்த பிறகுதான், ஸ்னைடருக்கு அடுத்து வந்த கோச் கிறிஸ் க்ளீமன் தலைமையில் பிக் 12 பட்டம். டிசியூவை (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) ஓவர்டைமில் 31-28. கோல் கோட்டருகே நான்காம் டவுனில், அதாவது கடைசி முயற்சியில், அவர்களை நிறுத்திவிட்டு, ஃபீல்டு கோல் அடித்து முடித்தார்கள். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் யார்? அதே கோலின் க்ளைன்.

நான்காம்டவுன்:
க்ளைன் சரி. க்ளீமனைக் கொண்டுவந்தது யாரு? 2018ல் ஸ்னைடர் தனக்கு அப்புறம் மகன் ஷான் வரணும்னுதான் விரும்பினார், அதை வெளிப்படையாவே சொன்னவர். விளையாட்டு இயக்குநர் ஜீன் டெய்லர் அதைக் கேக்கல. தான் முன்னாடி வேலை பார்த்த நார்த் டகோடா ஸ்டேட்ல இருந்து க்ளீமனை எடுத்தார். 2022 பட்டத்தை ஸ்னைடர் கணக்குல எழுதுறதா இருந்தா, அவர் விருப்பத்தை மறுத்த முடிவையும் அதே பக்கத்துல எழுதணும்.

அயோவாநதி:
எழுதலாமே. டெய்லர் கான்சாஸ் ஸ்டேட்டுக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தார்? அயோவாவில், துணை இயக்குநராக. ஃபெரென்ட்ஸின் அணி எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.