பச்சரிசி மெல்லும் பெண்ணும் அன்னபேதி செந்தூரமும்: சோகைக்கு நாட்டு மருந்து எடுத்த அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்:

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. எழுந்ததுமே களைப்பு, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. படிப்புச் சுமை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. டப்பாவில் பச்சரிசி வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, மென்றபடியே படிப்பாள். பறித்து வைத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்; நகங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அரிசி, சாம்பல், ஐஸ் ஏதாவது தின்னத் தோன்றுகிறதா கண்ணு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன்பே மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்த ஆசை வரும் என்றும், திட்டி நிறுத்தக் கூடியது அல்ல என்றும் அவர் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு மருந்து எதுவும் தரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவோடு வரச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டத்தில் இருந்தது. மாதவிடாயில் போக்கு அதிகம் என்று தெரிந்ததும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டி ஏதும் இல்லை. குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்த பிறகுதான் சோகைக்கான மருந்து தொடங்கியது.

அவளுக்கு ஏற்கெனவே ஓரிடத்தில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். குமட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் பாதியில் விட்டிருந்தாள். டாக்டரம்மா கொடுத்தது அன்னபேதி செந்தூரம், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம். செந்தூரம் காகிதத்தில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்களாக இருந்தது. பிரித்தால் செங்கல் நிறத்தில் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. உணவுக்குப் பின் தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொள்ள வேண்டும்.

நாம் மூலிகை மருந்து என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சோகைக்கான பழைய மருந்துகள் பலவற்றில் உள்ளே இருப்பது இரும்பு. அன்னபேதி என்பதே இரும்பு சல்பேட்டின் பச்சைப் படிகம்; அதை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடம் போட்டு, அதாவது மூடி வைத்து நெருப்பில் சுட்டு, செந்தூரம் என்ற சிவப்புத் தூளாக்குகிறார்கள். ஆயுர்வேதத்தின் லோகாசவமும் புனர்நவா மண்டூரமும் அப்படித்தான், இரும்பு சேர்ந்தவை. கூடவே வரும் நெல்லிக்காயின் வைட்டமின் சி, உணவில் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. இந்தச் சேர்க்கையை நினைக்கும்போதெல்லாம் நம் பழைய வைத்தியர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. அன்னபேதி செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கையும் வளரிளம் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பங்கெடுத்தது. ஹீமோகுளோபின் உயர்ந்ததாக அதன் முடிவு வெளியாகியிருக்கிறது.

மலம் கறுப்பாகப் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்; அப்படியே ஆனது. சாப்பாட்டோடு டீ, காப்பி கூடாது என்றார். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். முதலில் மாறியது அரிசி ஆசைதான். கிண்ணம் மேசையில் கிடக்கும், அவள் தொடமாட்டாள். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 11.9. அதோடு நிறுத்தவில்லை. சேமிப்பும் நிரம்ப வேண்டும் என்று மேலும் சில மாதங்கள் தொடரச் சொன்னார். களைப்பு தெளிந்ததும் மருந்தை விடுபவர்கள்தான் மறுபடி வந்து நிற்கிறார்கள் என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து:

என் மாமனாருக்கு அறுபத்தேழு வயது. முகம் வெளிறி, நடை தளர்ந்து போனார். மூலம் இருப்பதால் ரத்தம் குறைந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டி, லோகாசவம் வாங்கித் தரும்படி கேட்டார். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆயுர்வேத வைத்தியர் மருந்துச் சீட்டு எழுத மறுத்துவிட்டார். "இந்த வயதில் ஆண்பிள்ளைக்கு ரத்தம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. முதலில் அதைப் பாருங்கள். இரும்பு மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும். உள்ளே கசிந்தாலும் கறுக்கும். அப்புறம் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது" என்றார்.

குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் கட்டி தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, அறுவை மருத்துவரிடமும் சொல்லிவிட்டு, பிறகுதான் வைத்தியர் திராட்சாதி லேகியம் கொடுத்தார். உடம்பு தேறப் பல மாதங்கள் ஆயின. இப்போது மாமா காலையில் தோட்டத்துக்குத் தானே தண்ணீர் பாய்ச்சுகிறார். அந்த வைத்தியர் அன்றைக்குக் கேட்ட மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

திருநெல்வேலியிலிருந்து:

எனக்கும் சோகைதான். ஆனால் கரிசாலை (கரிசலாங்கண்ணி) லேகியமும் பேரீச்சையும் அதை அசைக்கவில்லை. பாதத்தில் மரத்துப்போன உணர்வு வந்த பிறகு பார்த்தால், ரத்தச் சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருந்தன. குறைந்திருந்தது வைட்டமின் பி12. நாங்கள் சைவம், அந்தச் சத்து கீரையிலோ மூலிகையிலோ நம்பும்படி கிடைப்பதில்லை. ஊசி போட்டதும் ஆள் மாறினேன்.

சென்னையிலிருந்து:

செந்தூரம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு ஊரில் யாரோ லேபிள் இல்லாத பாட்டிலில் சிவப்புத் தூள் கொடுத்தார்கள். சில வாரங்களில் தீராத வயிற்றுவலி, ரத்தம் இன்னும் குறைந்தது. பரிசோதித்தபோது உடலில் ஈயம். ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். சோகைக்கு எடுத்த மருந்தே சோகையை வளர்த்திருக்கிறது. இது எங்கோ ஒன்று என்று ஒதுக்க வேண்டாம். இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. நான் இப்போது உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அச்சிட்டிராத மருந்தைக் கையால் தொடுவதில்லை. கர்ப்பிணிகள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஈயம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

மீண்டும் தஞ்சாவூர்த் தாய்:

கரிசலாங்கண்ணியை எப்படிச் சமைப்பது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் மஞ்சள் பூப் பூக்கும் வகையைத்தான் கறிக்கு எடுப்போம். இலையை மட்டும் ஆய்ந்து, மண் போகக் கழுவிப் பொடியாக நறுக்க வேண்டும். பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, நசுக்கிய பூண்டும் சீரகமும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். லேசான கசப்பு இருக்கும்; தேங்காய் அரைத்து விட்டால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் இது, இன்னொரு நாள் முருங்கைக்கீரை. ஆனால் ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று இருக்கும்போது கீரையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் தங்கையே. அதற்கு மருந்து வேண்டும். நீங்கள் பரிசோதனை எடுத்து எத்தனை நாள் ஆகிறது?