மிஸ்இன்ஃபர்மேஷன்: பொய்த்தகவலா, பிழைத்தகவலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சமூக ஊடகங்களில் உலவும் தவறான மருத்துவச் செய்திகளைச் செயற்கை நுண்ணறிவால் கண்டறியும் மென்பொருளுக்கென நாம் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலில், ‘மிஸ்இன்ஃபர்மேஷன்’, ‘டிஸ்இன்ஃபர்மேஷன்’ இரண்டுக்கும் ‘பொய்த்தகவல்’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய மன்றத்துக்காக 2017-இல் கிளேர் வார்டிலும் ஹுசைன் தெரக்‌ஷானும் எழுதிய அறிக்கை இவற்றைப் பிரித்தது நோக்கத்தை வைத்துத்தான்: தவறென்று அறியாமல் பகிர்வது முன்னது, தீங்கு செய்யவென்றே அறிந்து பரப்புவது பின்னது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில், சம்பா நடவு நேரத்தில், என் பெரியப்பா ஒரு குரல்பதிவை அனுப்பினார். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்றி, அதற்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டுமாம். இரண்டுமே கேடு. கீறினால் இரத்தப்போக்கும் சீழும் சேரும். இறுக்கினால் இரத்தவோட்டம் நின்று காலே போகலாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவதே வழி. ஆனால் வயலில் இறங்குகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பதைப்பில் அனுப்பியவரின் செய்திமேல் ‘பொய்’ என்று முத்திரை விழுந்தால், அவர் செய்தியை நீக்கமாட்டார், குழுவைவிட்டுத்தான் நீங்குவார்.

எனவே முன்னதற்குப் ‘பிழைத்தகவல்’ என்பதை முன்மொழிகிறேன். மருத்துவச் சூழலில் உயிர்பிழைத்தல் நினைவுக்கு வந்து குழப்பாதா என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அச்சுப்பிழை, பிழைதிருத்தம் ஆகியவற்றில் குழம்பாத வாசகர் இதிலும் குழம்பமாட்டார். மேலும், பிழை என்று சொல்லும்போதே அது திருத்தக்கூடியது என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது.

பின்னதற்கும் ‘பொய்’ பொருந்தவில்லை. ‘இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது’ என்று டெல்டாவில் சொல்கிறோம். வானம் நம்மை ஏமாற்றத் திட்டமிட்டதாக யாரும் கொள்வதில்லை. ‘புனைதகவல்’ என்றால் புனைந்த கை ஒன்று தெரிகிறது. புனைவு இலக்கியத்துக்குரியது என்போர் ‘புனைசுருட்டு’ என்ற நம் பழைய வசைச்சொல்லை நினைத்துப் பார்க்கலாம்.

வெவ்வேறு சொற்களில் வரும் ஒரே கூற்றை இனங்காணும் ‘கிளெய்ம் மேட்சிங்’ என்பதற்குக் ‘கூற்றுப்பொருத்தம்’ போதும். ஜாதகப் பொருத்தம் நினைவுக்கு வந்தால் வரட்டும், செய்யும் வேலையும் ஏறத்தாழ அதுதான். ‘கடிவாயைக் கீறு’, ‘பிளேடால லேசா ஒரு கோடு போடு’, ‘கெட்ட ரத்தத்தை எறக்கிடு’ ஆகிய மூன்றும் ஒரே கூற்று என்று இயந்திரம் கண்டுகொண்டால்தான், ஏற்கெனவே எழுதிவைத்த மறுப்பை மூன்றுக்கும் அனுப்ப முடியும். குரல்பதிவை எழுத்தாக்கும்போது ‘கட்டு’ என்ற ஏவலையும் ‘கட்டுவிரியன்’ என்ற பெயரையும் பிரித்தறிவது வேறு தலைவலி.

இரண்டு சொற்களையும் நோக்கத்தை வைத்துப் பிரிப்பதிலிருந்து பெறப்படும் ஒன்றைப் பட்டியலின் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி முழுமையாக மறையாக்கம் செய்யப்படுவதால், பயனர் தாமாகச் செய்திகளைச் சரிபார்ப்பதற்கான வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவைக்கும் செய்தியை மட்டுமே இயந்திரம் காண்கிறது. அதை முதலில் கிளப்பியவர் யார், எதற்காகக் கிளப்பினார் என்பதற்கு அச்செய்தியில் தடயம் இருப்பதில்லை. ஆகவே இயந்திரம் தானாக இடும் முத்திரை எப்போதும் ‘பிழைத்தகவல்’ என்றே இருக்கட்டும். ‘புனைதகவல்’ என்பதை, மனிதர் ஒருவர் விசாரித்து உறுதிசெய்த பின்னரே இட வேண்டும்.

‘புனைதகவல்’ குறித்து மறுப்பிருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.