சூடானால் நின்றுவிடும் எம்ஜிபி: கார்புரேட்டரா, இக்னிஷனா?

கேள்வி (சத்துவாச்சாரி): வணக்கம். பெரியப்பா வைத்திருந்த 1969 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இப்போது என்னிடம் இருக்கிறது. 1798 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரட்டை எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டர். காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஏலகிரி மலை வளைவுகளில்கூடத் திணறாமல் ஏறுகிறது. வெயில் ஏறிய பிறகு வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டினால்தான் தொல்லை. ஐடிலிங் தடுமாறி ஆஃப் ஆகிவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன்: முன் இரண்டிலும் கரி, பின் இரண்டும் நல்ல பழுப்பு. இரண்டு கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். எனக்கு மனம் வரவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

பதில் (ராணிப்பேட்டை): தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். எஸ்யு மாதிரி எளிமையான கார்புரேட்டர் கிடையாது. இந்த இன்ஜினில் கார்புரேட்டர்கள் சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அது இல்லாமல் போனால் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிடும். இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறி உரியும். அந்தத் துகள், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃபுளோட் ஊசியில் மாட்டினாலும் பெட்ரோல் வழிந்து கலவை கெடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள்.

பதில் (காட்பாடி): தம்பி, ஹோஸ் மாற்றுவது நல்லதுதான். ஆனால் நிற்கிற காரணம் தெரியாமல் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். வண்டி நின்ற அந்த நிமிடமே சாவியைத் திருப்பிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கு அருகில் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப் நாலைந்து தட்டுத் தட்டி அடங்கினால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃபுளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. விடாமல் தட்டினால் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரைக் காப்பிட்ட குறட்டால் பிடித்து, பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் நீலமாகப் பளிச்சென்று வந்தால் இக்னிஷன் சரி. மஞ்சளாக, மெலிசாக வந்தால் பாயிண்ட்டோடு இணைந்திருக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடானதும் கைவிடுவது அதன் குணம். மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் அந்தப் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இருக்க வேண்டும்.

முன் பிளக் கரி தனி விஷயம். முன் கார்புரேட்டர்தான் 1, 2 சிலிண்டருக்கு ஊட்டுகிறது. சோக்கை உள்ளே தள்ளிய பிறகு அடியில் இருக்கும் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) முழுசாக மேலே வருகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: அண்ணே, மத்தியானம் வேண்டுமென்றே நெரிசலில் ஓட்டி நிற்க வைத்தேன். பம்ப் நாலு தட்டோடு அடங்கியது. ஸ்பார்க் மஞ்சள்தான், வந்து வந்து போனது. புது கண்டென்சர் போட்டதும் அதே வெயிலில் நிற்கவே இல்லை. முன் ஜெட்டைத் தள்ளினேன், ஒரு நூலளவு மேலே போனது. சோக் கம்பி இறுகி, ஜெட்டைக் கீழேயே பிடித்து வைத்திருந்திருக்கிறது. தகடு இருக்கிறது, அதன் இன்சுலேஷன்தான் உதிர்ந்துவிட்டது. கலவையை எப்படிச் சரிபார்ப்பது?

பதில் (காட்பாடி): கம்பியைத் தளர்த்தி, இன்ஜின் நன்றாகச் சூடானதும் பாருங்கள். கார்புரேட்டரின் மேல் உள்ள டேஷ்பாட்டில் 20 கிரேடு ஆயில் இருக்கட்டும். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை அதிகம். ஜெட் நட்டை ஒரு முகம் (நட்டின் ஒரு பக்க அளவு) திருப்பி மேலே ஏற்றுங்கள். இன்ஜின் நிற்கப் பார்த்தால் கலவை குறைவு. ஒரு முகம் இறக்குங்கள். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரிலும் காற்று இழுப்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள். இன்சுலேஷனை அடுத்த கோடைக்குள் ஒட்டிவிடுங்கள் தம்பி.